கிராமத்துக் குப்பைச் சுழற்சி எங்கே அறுகிறது?

கிராமக் குப்பைத் திட்டங்கள் பெரும்பாலும் ஒரே மாதிரி தொடங்கி ஒரே மாதிரி முடிகின்றன. வீட்டுக்கு இரண்டு நிறக் கூடைகள் வரும். மட்கும் குப்பை, மட்காத குப்பை என்று பிரித்துப் போடச் சொல்வார்கள். ஊர்க்கோடியில் ஓர் உரக்கிடங்கு எழும்பும். ஓரிரு ஆண்டு கழித்துப் போய்ப் பார்த்தால் கூடைகளில் தானியம் இருக்கும், உரக்கிடங்கு பூட்டிக் கிடக்கும், குப்பை பழையபடி ஓடைக்கரையில் புகைந்துகொண்டிருக்கும். ஏன் என்று கேட்டால் எந்த நாட்டிலும் அநேகமாக ஒரே பதில்தான்: "மக்களிடம் விழிப்புணர்வு இல்லை."

இந்தப் பதிலை முழுப் பொய் என்று தள்ளிவிட முடியாது. ஆனால் அது தொடக்கத்திலேயே விசாரணையை முடித்துவிடுகிறது. மக்கள் ஏன் அப்படி நடந்துகொள்கிறார்கள் என்று பார்க்கக் குப்பையின் எடை, பருமன், தூரம், விலை ஆகியவற்றுக்குள் இறங்க வேண்டும்.

## முதலில், சுழற்சி என்பது எது

எடு, செய், பயன்படுத்து, எறி என்று ஒரே திசையில் ஓடும் முறைக்கு நேர்கோட்டு முறை என்று பெயர். எறிந்த பொருள் மறுபடி மூலப்பொருளாகவோ மண்ணுக்கு உணவாகவோ திரும்பினால் அது சுழற்சி. எதை முதலில் செய்ய வேண்டும் என்பதற்கு ஒரு படிவரிசை உண்டு. நெதர்லாந்து நாடாளுமன்ற உறுப்பினர் ஆட் லான்சிங்க் 1979-இல் முன்வைத்த ஏணி அது. ஐரோப்பிய ஒன்றியத்தின் 2008-ஆம் ஆண்டுக் குப்பைச் சட்டகம் அதை ஐந்து படிகளாக வகுத்தது:

1. குப்பை உண்டாகாமல் தவிர்ப்பது
2. பழுது பார்த்தோ கழுவியோ மறுபடி பயன்படுத்துவது
3. மறுசுழற்சி செய்வது (எருவாக்குவதும் இதில் அடங்கும்)
4. எரித்து ஆற்றல் எடுப்பது போன்ற பிற மீட்பு வழிகள்
5. புதைப்பது

பேச்சில் "சுழற்சி" என்றாலே மூன்றாம் படி என்று ஆகிவிட்டது. அந்தப் படி நடக்கவும் நான்கு கண்ணிகள் கோத்திருக்க வேண்டும்: வீட்டில் பிரிப்பவர், வந்து வாங்கிச் செல்பவர், தொலைவுக்குக் கொண்டுபோகிறவர், காசு கொடுத்து எடுத்துக்கொள்பவர். முதல் கண்ணியைப் பற்றி ஆயிரம் சுவரொட்டிகள் உண்டு. நான்காவதைப் பற்றி ஒன்றுகூடக் கண்ணில் பட்டதில்லை. வாங்குபவர் இல்லாத ஊரில் பிரித்த குப்பையும் குப்பைதான், கொஞ்சம் அழகாக அடுக்கி வைத்த குப்பை.

## பழக்கம் பழையது, பொருள் புதியது

தமிழில் உழவர் வழக்கில் "குப்பை" என்றால் எரு. வயலுக்குக் குப்பை அடிப்பது என்றால் நிலத்துக்கு உரமிடுவது. ஒரு சொல்லுக்குள்ளேயே சுழற்சி இருந்த காலம் அது. தழை, சாம்பல், சாணம், மிச்ச உணவு எல்லாம் வீட்டுப் பின்புறக் குழியில் விழும், மட்கும், நிலத்துக்குப் போகும். மற்ற மொழி பேசும் உழவர் சமூகங்களிலும் இதே முறைதான். பின்னால் வீசுவது பொறுப்பில்லாத செயலாக இருக்கவில்லை, வேளாண்மையின் ஒரு பகுதியாக இருந்தது.

கை பழகிய அந்த வீச்சு அப்படியே இருக்க, வீசப்படும் பொருள் மாறிவிட்டது. ஷாம்பு உறை, பால் பை, குழந்தைக்குக் கட்டும் டயப்பர், பூச்சிமருந்துக் குப்பி, சொட்டுநீர்க் குழாய், களை முளைக்காமல் மண்மேல் விரிக்கும் நிலப்போர்வைத் தாள் என்று சரக்கு வரும் சாலை கிராமம் வரை வந்தது. அதைத் திரும்பக் கொண்டுபோகும் வண்டி வரவில்லை. உலக வங்கி 2018-இல் வெளியிட்ட கணக்குப்படி, குறைந்த வருமான நாடுகளில் நகரக் குப்பையில் சுமார் 48 சதவீதம் சேகரிக்கப்படுகிறது. நகருக்கு வெளியே அது 26 சதவீதம்தான். அதாவது நால்வரில் மூவருடைய குப்பையை எடுத்துப்போக யாரும் வருவதில்லை.

எடுத்துப்போக ஆள் இல்லாத இடத்தில் மிஞ்சும் வழி தீ. கொசு ஒழியும், இடம் சுத்தமாகும், காசு செலவில்லை என்பதால் எரிப்பதைத் தூய்மைப் பணியாகவே பலர் பார்க்கிறார்கள். ஆனால் பீப்பாயில் அல்லது தரையில் எரியும் தீ சூடு குறைந்தது, காற்று போதாதது. பிளாஸ்டிக்கும் குளோரின் கலந்த பொருளும் அந்தச் சூட்டில் டயாக்சின் எனும் நச்சுக் கூட்டத்தை உண்டாக்கும். அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமையின் ஆய்வாளர்கள் 2000-இல் வெளியிட்ட அளவீடு ஒன்று திகைக்க வைப்பது. பீப்பாயில் குப்பை எரிக்கும் 2 முதல் 40 குடும்பங்கள் சேர்ந்து விடும் டயாக்சின், நாளொன்றுக்குச் சுமார் 180 டன் குப்பையை எரிக்கும் நவீன நகராட்சி ஆலை ஒன்று விடும் அளவுக்கு ஈடாகலாம். ஆலைக்கு வடிகட்டியும் புகைபோக்கியும் உண்டு. பீப்பாயின் புகை அருகே நிற்பவர் மூக்கு உயரத்தில் போகிறது.

## மக்கள் சொல்வதும் கூடை சொல்வதும்

மனப்போக்கு ஆய்வுகளில் அநேகமாக எல்லோரும் "பிரிப்பது நல்லது", "நான் பிரிப்பேன்" என்றுதான் சொல்வார்கள். அதை நம்பித் திட்டம் போடுவது ஏன் ஆபத்து என்பதற்குப் பழைய உதாரணம் ஒன்று இருக்கிறது. தொல்லியலாளர் வில்லியம் ராத்ஜே 1973-இல் அரிசோனா பல்கலைக்கழகத்தில் தொடங்கிய குப்பை ஆய்வுத் திட்டம், டூசான் நகர வீடுகளின் கூடைகளைக் கொட்டிப் பிரித்து எடைபோட்டது. வீட்டார் வாயால் சொன்னதையும் கூடையில் கிடந்ததையும் ஒப்பிட்டால் இரண்டும் பொருந்தவே இல்லை. மதுவைக் குறைத்துச் சொன்னார்கள், நல்ல உணவைக் கூட்டிச் சொன்னார்கள். பொய் சொல்ல வேண்டும் என்ற எண்ணம் இல்லை. தன்னைப் பற்றி நினைத்திருந்த படத்தைச் சொன்னார்கள்.

உளவியலாளர் ஐசெக் அஜென் 1991-இல் விரித்துரைத்த திட்டமிட்ட நடத்தைக் கோட்பாடு இந்த இடைவெளியைப் புரிந்துகொள்ள உதவும். ஒரு செயலைச் செய்யும் எண்ணம் மூன்றிலிருந்து பிறக்கிறது: அது நல்லதா என்ற கருத்து, சுற்றியுள்ளோர் என்ன எதிர்பார்க்கிறார்கள் என்ற உணர்வு, இதை நம்மால் செய்ய முடியுமா என்ற மதிப்பீடு. விழிப்புணர்வுக் கூட்டங்கள் முதலாவதை மட்டுமே தொடுகின்றன. கிராமத்தில் முறிந்து கிடப்பது மூன்றாவது.

கிராமங்களில் திரும்பத் திரும்பக் கேட்கக்கூடிய பேச்சுகளை வரிசைப்படுத்தினால் இது தெளிவாகும்.

1. "எங்கள் வீட்டில் குப்பையே கிடையாது." மட்கும் பொருளைக் குப்பை என்று கருதாதவர்கள் சொல்வது இது. அவர்கள் கணக்கில் இது உண்மைதான்.

2. "பிரித்துக் கொடுத்தேன், வண்டியில் ஒன்றாகக் கொட்டினார்கள்." ஐந்து பேச்சிலும் அழிவு அதிகம் செய்வது இதுதான். ஒரே ஒரு முறை பார்த்தால் போதும், அன்றைக்கே அந்த வீட்டில் பிரிப்பது நின்றுவிடும். மறுநாள் மாலைக்குள் தெருவே பேசும். நகரத்தில் வண்டிக்காரர் முகம் தெரியாதவர். கிராமத்தில் அவரும், மேற்பார்வை செய்பவரும், தலைவரும் தெரிந்தவர்கள். எனவே ஏமாற்றம் திட்டத்தோடு நிற்பதில்லை, ஆட்கள் மேலும் ஒட்டிக்கொள்கிறது. ஆறு மாதம் சீராக நடந்து ஒரு வாரம் வண்டி பழுதானாலும் பிரிப்பு வீதம் பழைய நிலைக்குத் திரும்ப நெடுநாள் ஆகும். இதைக் குடிமக்களின் அலட்சியம் என்று எழுதிவைப்பது நியாயமல்ல. பயனில்லாத வேலையைச் செய்ய மறுப்பது அறிவுள்ள முடிவு.

3. "அதைத் தொடுவது எங்கள் வேலை இல்லை." கழிவைக் கையாள்வது தாழ்ந்த வேலை என்ற எண்ணம் பல சமூகங்களில் வேரோடியிருக்கிறது. வீட்டுக்குள் அந்த வேலை பெண்கள் தலையில் விழுகிறது. திட்டக் கூட்டங்களில் பேசுவதோ பெரும்பாலும் ஆண்கள்.

4. "கிடங்கு வரட்டும், எங்கள் பக்கம் வேண்டாம்." துர்நாற்றம் வீசிய பழைய கிடங்கைப் பார்த்த ஊர் இப்படித்தான் சொல்லும்.

5. "இதற்கும் காசா?" இதைப் பின்னால் தனியாகப் பார்க்க வேண்டும்.

## ஈரக் குப்பை: எருவை உழவர் ஏன் வாங்குவதில்லை

குறைந்த வருமான நாடுகளில் குப்பையில் பாதிக்கு மேல், உலக வங்கிக் கணக்கில் 57 சதவீதம், உணவும் தழையும்தான். இதைத் திரும்ப மண்ணுக்கு அனுப்பக் கிராமத்தைவிட ஏற்ற இடம் கிடையாது. வாங்குபவர் பக்கத்து வயலிலேயே இருக்கிறார். பிறகு ஏன் உரக்கிடங்குகள் பூட்டப்படுகின்றன?

செய்முறையில் ஒரு காரணம் இருக்கிறது. மட்குவது நுண்ணுயிர்களின் வேலை. அவற்றுக்குக் கரிமமும் நைட்ரஜனும் ஏறத்தாழ 25 முதல் 30-க்கு 1 என்ற விகிதத்தில் வேண்டும். ஈரம் 50 முதல் 60 சதவீதம் இருக்க வேண்டும். காற்றுப் போக வேண்டும். குவியல் குறைந்தது ஒரு கன மீட்டர் இருந்தால்தான் உள்ளே சூடு நிற்கும். 55 டிகிரியைத் தாண்டிச் சில நாள் நின்றால்தான் களை விதையும் நோய்க் கிருமியும் சாகும். சமையலறைக் கழிவு மட்டும் போட்டால் நைட்ரஜன் மிகுந்து நாறும், காற்றில்லாமல் மீத்தேன் கிளம்பும். காய்ந்த இலையோ வைக்கோலோ அடுக்கடுக்காகச் சேர்த்துப் புரட்டிவிட ஒருவர் வேண்டும். கட்டடத்துக்குப் பணம் ஒதுக்குகிறவர்கள் அந்த ஒருவரின் மாதச் சம்பளத்தை மறந்துவிடுகிறார்கள்.

அதைவிடப் பெரிய காரணம் உழவரின் கணக்கு. யூரியாவில் நைட்ரஜன் 46 சதவீதம். குப்பை எருவில் ஏறத்தாழ 1 சதவீதம். 100 கிலோ யூரியா தரும் நைட்ரஜனை எருவிலிருந்து பெற நாலரை டன் தேவை. அதுவும் மெதுவாகத்தான் வெளிவரும். அதை ஏற்ற, இறக்க, பரப்ப ஆள்கூலி ஆகும். எரு மண்ணின் ஈரப்பிடிப்பையும் உயிரோட்டத்தையும் கூட்டுகிறது என்பது உண்மைதான். ஆனால் அந்தப் பலன் சில ஆண்டுகள் கழித்துத் தெரியும், கூலி இன்றைக்கே தர வேண்டும். குத்தகை நிலத்தில் பயிர் செய்பவருக்கு அடுத்த ஆண்டு நிலம் கையில் இருக்குமா என்பதே உறுதியில்லை.

இதற்கு மேல் எருவில் ஒரு கண்ணாடிச் சில்லு வந்துவிட்டால் கதை முடிந்தது. வெறுங்காலில் வயலில் இறங்குகிறவர் அந்தக் கிடங்குப் பக்கம் மறுபடி வரமாட்டார். இந்தச் சில்லு வீட்டில் பிரிக்காததால் வந்தது. பிரிக்காததற்குக் காரணம் வண்டியில் கலந்ததைப் பார்த்தது. நான்காம் கண்ணி முறிய முதல் கண்ணியும் இரண்டாம் கண்ணியும் ஒன்றையொன்று இழுத்துக்கொண்டு போவது இப்படித்தான். ஈரக் குப்பையை ஊர்க் கிடங்குக்கே கொண்டுவராமல் வீட்டுத் தோட்டத்துக் குழியில் விடுவது பல கிராமங்களுக்குப் போதுமான தீர்வு. திறப்பு விழா நடத்த முடியாது என்பது மட்டுமே அதன் குறை.

## உலர் குப்பை: தூரமும் பருமனும்

தோட்டத்துக் குழி தீர்க்காத பாதி இது. இங்கே இடைஞ்சல் பருமன். பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டில்களை அழுத்தாமல் அடுக்கினால் ஒரு கன மீட்டரில் 20 முதல் 30 கிலோதான் நிற்கும். ஒரு கணக்குப் போடலாம். 500 வீடுகள், வீட்டுக்கு வாரம் 5 பாட்டில், பாட்டிலுக்கு 15 கிராம் என்றால் வாரத்துக்கு 37.5 கிலோ சேரும். 8 கன மீட்டர் வண்டி நிரம்ப ஐந்து வாரத்துக்கு மேல் ஆகும். நிரம்பிய பின்னும் வண்டியில் இருப்பது சுமார் 200 கிலோ. அதை மறுசுழற்சி ஆலை வரை ஓட்டும் எரிபொருள் செலவு சரக்கு விலையைச் சாப்பிட்டுவிடும். அழுத்துப் பொறியில் கட்டினால் பருமன் பத்தில் ஒன்றாகும். ஆனால் ஒரு கிராமத்தின் சரக்குக்கு அந்தப் பொறி நாளெல்லாம் சும்மா நிற்கும். பல ஊர்களுக்குப் பொதுவாக ஒரு மையம் வைப்பதே வழி. அப்போது யார் ஊரில் வைப்பது, யார் செலவு ஏற்பது என்ற பேச்சு "எங்கள் பக்கம் வேண்டாம்" என்ற எதிர்ப்பைத் தட்டி எழுப்பும்.

பாட்டிலாவது விலைபோகும். ஒரு கிலோ சேர ஆயிரம் உறைகள் வேண்டும் என்றால் அவற்றைக் குனிந்து பொறுக்க யாருக்கும் கட்டாது. அந்த உறைகள் பெரும்பாலும் இரண்டு மூன்று வகை பிளாஸ்டிக்கும் அலுமினியப் படலமும் ஒட்டிய பல அடுக்குத் தாள்கள். அடுக்குகளைப் பிரிப்பது செலவு மிக்கது, எனவே வாங்குபவர் இல்லை. இரும்பு, அட்டை, பாட்டில் ஆகியவற்றைப் பழைய பொருள் வியாபாரி ஏற்கனவே வாங்கிப் போகிறார். ஊராட்சி வண்டிக்கு மிஞ்சுவது விலை இல்லாதது மட்டும். "குப்பையில் வருமானம்" என்று அறிவித்துத் தொடங்கும் திட்டங்கள் இந்த இடத்தில்தான் தடுக்கி விழுகின்றன.

நகரக் குப்பையில் இல்லாத ஒரு சரக்கும் கிராமத்தில் உண்டு. உலக வேளாண்மை ஆண்டுக்கு 1.25 கோடி டன் பிளாஸ்டிக் பொருள்களைப் பயன்படுத்துகிறது என்று ஐ.நா. உணவு வேளாண் அமைப்பு 2021-இல் கணக்கிட்டது. நிலப்போர்வைத் தாளை எடுக்கும்போது தாளோடு மண்ணும் ஒட்டி வரும், கழுவும் செலவுக்கே தாள் போதாது. வீட்டுக் குப்பைத் திட்டங்கள் இதை எண்ணுவதே இல்லை.

## காசு யார் தருவது

எடுத்துச்செல்லும் குப்பைக்கு ஏற்பக் கட்டணம் என்ற முறையைத் தென் கொரியா 1995-இல் நாடு முழுதும் கொண்டுவந்தது. கட்டணப் பையில் போட்டால்தான் எடுப்பார்கள், மறுசுழற்சிப் பொருள் இலவசம். குப்பை குறைந்தது. ஆனால் இந்த மருந்துக்குப் பக்கவிளைவும் உண்டு. அமெரிக்காவின் சார்லட்ஸ்வில் நகரில் 1992-இல் வந்த பைக் கட்டணத்தை ஆராய்ந்த பொருளியலாளர்கள், குப்பையின் பருமன் 37 சதவீதம் குறைந்தபோது எடை 14 சதவீதமே குறைந்ததைக் கண்டார்கள். மக்கள் காலால் மிதித்து அமுக்கியிருந்தார்கள். குறைந்த அந்த 14 சதவீதத்திலும் ஒரு பங்கு கள்ளத்தனமாக எங்கோ கொட்டப்பட்டது என்பது அவர்கள் மதிப்பீடு. நகரத்தில் கள்ளத்தனமாகக் கொட்ட இடம் தேட வேண்டும். கிராமத்தில் ஓடை, புதர், தீப்பெட்டி மூன்றும் கைக்கெட்டும் தூரத்தில் உள்ளன. எரிப்பதைத் தடுக்காமல் குப்பை அளவுக்கு ஏற்பக் கட்டணம் போட்டால் எரிப்பவருக்குப் பரிசு கொடுத்தது போலாகும்.

பொருளைச் செய்து விற்றவரிடமே செலவைக் கேட்பது இன்னொரு வழி. நீட்டிக்கப்பட்ட உற்பத்தியாளர் பொறுப்பு என்ற இந்தக் கருத்தை ஸ்வீடன் ஆய்வாளர் தாமஸ் லிண்ட்க்விஸ்ட் 1990-இல் முன்வைத்தார். பல நாடுகள் இதைச் சட்டமாக்கியுள்ளன. கிராமத்துக்கு இதில் ஓர் ஓட்டை இருக்கிறது. இலக்குகள் பொதுவாக எடையில் வைக்கப்படுகின்றன. சிப்பப் பொருள்களில், அதாவது சரக்கைப் பொதிந்து வரும் உறை, பெட்டி, பாட்டில் போன்றவற்றில், 65 சதவீதத்தை 2025-க்குள் எடைக்கணக்கில் மறுசுழற்சி செய்ய வேண்டும் என்பது ஐரோப்பிய ஒன்றியம் வைத்த இலக்கு. எடையை எங்கே மலிவாகச் சேர்க்கலாமோ அங்கேதான் நிறுவனம் சேர்க்கும். அது நகரம். தொலைதூரக் கிராமத்தின் ஒரு கிராம் உறை, எவருடைய இலக்குக்கும் தேவைப்படாமல் அங்கேயே கிடக்கும்.

## மூடிய இரண்டு வட்டங்கள்

பிரேசிலில் பூச்சிமருந்துக் குப்பிகளுக்கு 2000-இல் ஒரு சட்டம் வந்தது. அதன் அமைப்பு இதுவரை சொன்ன முடிச்சுகளை ஒவ்வொன்றாக அவிழ்க்கிறது. உழவர் காலிக் குப்பியை மூன்று முறை அலசி, ஓட்டை போட்டு, வாங்கிய ஓராண்டுக்குள் திருப்பித் தர வேண்டும். எங்கே தருவது என்பதை விற்றவர் ரசீதிலேயே எழுத வேண்டும். அங்கிருந்து எடுத்துப்போய் மறுசுழற்சி செய்வதோ எரிப்பதோ உற்பத்தியாளர் செலவு. தொலைவில் உள்ள சிறு உழவர்களுக்காக நடமாடும் சேகரிப்பும் உண்டு. இன்று மருந்து நேரடியாகப் படும் முதல்நிலை பிளாஸ்டிக் குப்பிகளில் 90 சதவீதத்துக்கும் மேல் திரும்பி வருகின்றன. அந்த உழவர்கள் மற்ற நாட்டு உழவர்களைவிட இயற்கைமேல் பற்று மிக்கவர்கள் என்று நினைக்கக் காரணம் எதுவும் இல்லை. அவர்களுக்குத் திரும்பும் பாதை தெரியும், செலவு யாருடையது என்பது தெரியும்.

ஜப்பானில் ஷிகோகு தீவின் காமிகட்சு, 1,500-க்கும் குறைவானோர் வாழும் மலையூர். பாதிப்பேருக்கு மேல் முதியவர்கள். நெடுங்காலம் குப்பையைத் திறந்தவெளியில் எரித்தார்கள், பிறகு சிறிய எரியுலைகள் வைத்தார்கள். 1999-இன் டயாக்சின் கட்டுப்பாட்டுச் சட்டத்துக்குப் பின் அவற்றை மூட நேர்ந்தது, புதியது கட்டப் பணம் இல்லை. பிரிப்பது அங்கே கொள்கையாகத் தொடங்கவில்லை, வேறு வழியில்லாமல் தொடங்கியது. 2003-இல் குப்பையில்லா ஊர் என்ற இலக்கை அறிவித்தார்கள்; பிரிவுகள் 45 வரை போயின. குப்பை வண்டி கிடையாது, மக்களே மையத்துக்குக் கொண்டுவருகிறார்கள். வண்டி ஓட்ட முடியாத முதியவர்கள் வீட்டுக்கு மட்டும் ஆள் வரும். ஈரக் குப்பை மையத்துக்கு வருவதே இல்லை, அவரவர் வீட்டிலேயே மட்குகிறது.

அங்கே கவனிக்க வேண்டிய சின்ன விஷயம் ஒன்று. ஒவ்வொரு தொட்டியின் மேலும் ஒரு பலகை இருக்கும். இந்தப் பொருள் எந்த ஊருக்குப் போகிறது, என்னவாக மாறுகிறது, ஒரு கிலோவுக்கு ஊருக்கு எவ்வளவு வரவு அல்லது செலவு என்று அதில் எழுதியிருக்கும். "வண்டியில் ஒன்றாகக் கொட்டினார்கள்" என்ற பேச்சுக்கு அங்கே இடமே இல்லை.

காமிகட்சுவில் மறுசுழற்சி வீதம் 80 சதவீதத்தை எட்டியது. குப்பையே இல்லை என்ற 2020 இலக்கு நிறைவேறவில்லை. மீந்த ஏறத்தாழ 20 சதவீதத்தில் டயப்பர், மாதவிடாய் அணையாடை, காலணி, பிவிசி பொருள்கள் இருக்கின்றன. 45 பிரிவாகப் பிரித்துப் பழகியவர்களுக்கும் அவற்றைப் போட நாற்பத்தாறாவது தொட்டி கிடைக்கவில்லை.